இந்தியத் தத்தெடுப்புச் சட்டம்

இந்தியத் தத்தெடுப்புச் சட்டம் என்பது, ஒரு குழந்தை தன்னைப் பெற்றெடுத்தவர்களிடமிருந்து சட்டப்படி பிரிந்து, வேறொரு பெற்றோரின் குழந்தையாக எல்லா உரிமைகளுடனும் ஆவதை இந்தியாவில் ஒழுங்குபடுத்தும் சட்டங்கள், விதிகள், தீர்ப்புகள் ஆகியவற்றின் தொகுப்பாகும். தத்தெடுப்பு தமிழில் மகவேற்பு, சுவீகாரம் என்றும் வழங்கப்படுகிறது. இந்தியாவில் இதற்கென அனைவருக்கும் பொதுவான ஒரே சட்டம் இல்லை. இரண்டு சட்டங்கள் அருகருகே நடைமுறையில் உள்ளன. அவை:

- இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், 1956
- இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015

எந்தக் குழந்தையை எந்தச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம் என்பதை அறிவது, தத்தெடுக்க விரும்பும் குடும்பங்களுக்கு முதற்படியாகும். இவ்விரு வழிகளுக்கும் வெளியே பெறப்படும் குழந்தை, எவ்வளவு அன்புடன் வளர்க்கப்பட்டாலும், சட்டத்தின் பார்வையில் அக்குடும்பத்தின் குழந்தை அன்று.

இக்கட்டுரை இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், நடைமுறையில் உள்ளவற்றை மட்டும் விளக்குகிறது. இலங்கையில் 1941 ஆம் ஆண்டின் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டம் தனியாக உள்ளது.

வரலாறு

பழைய இந்து சட்டத்தில் தத்தெடுப்பின் நோக்கம் குடும்ப வழியைத் தொடரச் செய்வதும், இறந்தோருக்குக் கடன் செய்ய ஒரு மகனைப் பெறுவதும் ஆகும். ஆகவே, பொதுவாக ஆண் குழந்தையே தத்தெடுக்கப்பட்டது. பெண் தன் பொருட்டுத் தத்தெடுக்க இயலாது; கணவன் பொருட்டே தத்தெடுக்கலாம் என்பது பொது விதியாக இருந்தது. தத்தக மீமாம்சை, தத்தக சந்திரிகை ஆகிய வடமொழி நூல்கள் ஆங்கிலேயர் கால நீதிமன்றங்களில் சான்று நூல்களாகக் கொள்ளப்பட்டன.

இக்காலத் தீர்ப்புகளுள் தமிழகத்துடன் நேரடித் தொடர்புடையது இராமநாதபுரம் வழக்கு ஆகும். கணவரின் முன் அனுமதி இல்லாத நிலையில் ஒரு கைம்பெண் தத்தெடுக்கலாமா என்ற கேள்வி இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. கணவரின் உறவினர்களுடைய இசைவு இருப்பின், திராவிட நாட்டு வழக்கப்படி அவ்வாறு தத்தெடுப்பது செல்லும் என 1868 இல் தீர்ப்பளிக்கப்பட்டது. பெரிய சொத்துகள் யாரைச் சேரும் என்பதே அக்காலத் தத்தெடுப்பு வழக்குகள் பலவற்றின் மையமாக இருந்தது. குழந்தையின் நலன் பெரிதாகப் பேசப்படவில்லை.

1956 ஆம் ஆண்டுச் சட்டம் பெண் குழந்தையைத் தத்தெடுக்கவும், பெண் தன் சொந்த உரிமையில் தத்தெடுக்கவும் வழி செய்தது. ஆயினும் அச்சட்டம் இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்கள் ஆகியோருக்கு மட்டுமே பொருந்தியது. கிறித்தவர்கள், இசுலாமியர்கள், பார்சிகள், யூதர்கள் ஆகியோர் 1890 ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி ஒரு குழந்தைக்குப் பாதுகாவலராக மட்டுமே ஆக முடிந்தது. குழந்தை உரிய வயதை அடைந்ததும் அவ்வுறவு சட்டப்படி முடிந்துவிடும். வளர்த்தவர் உயில் எழுதாமல் இறந்தால் அக்குழந்தைக்குச் சொத்துரிமையும் இல்லை. அனைவருக்கும் பொதுவான சட்டம் கொண்டுவர 1972 ஆம் ஆண்டிலும் 1980 ஆம் ஆண்டிலும் முன்வைக்கப்பட்ட மசோதாக்கள் நிறைவேறவில்லை.

பின்னர் ஏற்பட்ட முதன்மையான மாற்றங்கள் பின்வருமாறு:

- 1984: வெளிநாட்டினருக்குக் குழந்தைகளைத் தத்து கொடுப்பதில் முறைகேடுகள் நடப்பதாக இலட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் பொதுநல வழக்காக ஏற்று, விரிவான நெறிமுறைகளை வகுத்தது.
- 1990: மத்தியத் தத்துவள ஆணையம் (சுருக்கமாக 'காரா') தோற்றுவிக்கப்பட்டது.
- 2000: இளைஞர் நீதிச் சட்டத்தில் தத்தெடுப்பு இடம்பெற்றது. 2006 ஆம் ஆண்டுத் திருத்தம் தத்தெடுப்புக்குத் தெளிவான வரையறையைத் தந்தது.
- 2003: நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு பற்றிய 1993 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா ஏற்புறுதி செய்தது.
- 2014: சப்னம் ஆசுமி வழக்கில், எந்தச் சமயத்தவரும் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் தத்தெடுப்பதை அடிப்படை உரிமையாக அறிவிக்க மறுத்தது.
- 2016: இளைஞர் நீதிச் சட்டம், 2015 நடைமுறைக்கு வந்தது. காரா சட்டப்படியான அமைப்பாயிற்று.
- 2022: 2021 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தத்தெடுப்பு ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாற்றப்பட்டது. தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள், 2022 வெளியிடப்பட்டன.

1956 ஆம் ஆண்டுச் சட்டம்

இச்சட்டப்படியான தத்தெடுப்பு, ஒரு குடும்பம் மற்றொரு குடும்பத்துக்குக் குழந்தையை நேரடியாகக் கொடுப்பதாகும். அண்ணன் குழந்தையைத் தம்பி தத்தெடுப்பது போன்றவை பெரும்பாலும் இவ்வழியில் நடைபெறுகின்றன. இதன் முதன்மை நிபந்தனைகள்:

- தத்தெடுப்பவர், தத்துக் கொடுக்கப்படும் குழந்தை இருவரும் இச்சட்டத்தின் பொருளில் இந்துக்களாக இருத்தல் வேண்டும்.
- குழந்தையைக் கொடுக்கும் உரிமை தந்தை அல்லது தாய்க்கு உண்டு. பொதுவாக மற்றவரின் இசைவு தேவை. பெற்றோர் இறந்துவிட்டாலோ பெற்றோர் எவரெனத் தெரியாவிட்டாலோ, நீதிமன்ற அனுமதியுடன் பாதுகாவலர் கொடுக்கலாம்.
- மணமானவர் தத்தெடுக்க வாழ்க்கைத்துணையின் இசைவு வேண்டும். மனைவியும் கணவனின் இசைவுடன் தத்தெடுக்கலாம் என்பது 2010 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது.
- மகனைத் தத்தெடுப்பவருக்கு ஏற்கனவே மகனோ, மகன் வழிப் பேரனோ, கொள்ளுப் பேரனோ உயிருடன் இருத்தல் கூடாது. மகளைத் தத்தெடுப்பவருக்கு மகளோ, மகன் வழிப் பேத்தியோ இருத்தல் கூடாது.
- மாற்றுவழக்கம் இருந்தாலன்றி, குழந்தை 15 வயது நிறைவடையாததாகவும் மணமாகாததாகவும் இருத்தல் வேண்டும்.
- தத்தெடுப்பவரும் குழந்தையும் வெவ்வேறு பாலினராயின் 21 ஆண்டு வயது இடைவெளி தேவை.
- குழந்தையை உண்மையாகவே கொடுத்தலும் பெறுதலும் நிகழ வேண்டும். தத்த ஓமம் கட்டாயமன்று.

சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிவு செய்வதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆயினும் கொடுத்தவரும் பெற்றவரும் கையொப்பமிட்ட பதிவுப் பத்திரம் இருப்பின், மறுப்பு நிறுவப்படும் வரை தத்தெடுப்பு முறைப்படி நடந்ததாகவே நீதிமன்றம் கருதும். குழந்தையைக் கொடுப்பதற்குப் பணமோ வேறு பயனோ பெறுவதும் கொடுப்பதும் குற்றமாகும். முறையாக நடந்த தத்தெடுப்பைப் பின்னர் இரத்து செய்ய இயலாது.

இளைஞர் நீதிச் சட்டம், 2015

பெற்றோரை இழந்த குழந்தை, கைவிடப்பட்ட குழந்தை, பெற்றோரால் அரசிடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தை ஆகிய மூவகைக் குழந்தைகளையும் தத்தெடுப்பதற்கான சட்டம் இதுவாகும். சமய வேறுபாடின்றி அனைவருக்கும் பொருந்தும். உறவினர் குழந்தையையும், வாழ்க்கைத்துணையின் முந்தைய மணத்துக் குழந்தையையும் இதன்வழி தத்தெடுக்கலாம். இங்கு 'உறவினர்' என்பது குழந்தையின் தாய்வழி, தந்தைவழித் தாத்தா பாட்டியரையும், பெற்றோருடன் பிறந்தோர் வழி வரும் மாமா, சித்தப்பா, அத்தை, சித்தி போன்றோரையும் மட்டுமே குறிக்கும்.

குழந்தை தத்துக்கு உரியதாக அறிவிக்கப்படுதல்

கண்டெடுக்கப்பட்ட எந்தக் குழந்தையையும் எவரும் நேரடியாகத் தத்து கொடுக்க முடியாது. அக்குழந்தை பற்றி 24 மணி நேரத்துக்குள் காவல் துறை, குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆகியவற்றுள் ஒன்றுக்கோ, 1098 என்ற உதவி எண்ணுக்கோ தெரிவித்தல் கட்டாயமாகும். தெரிவிக்காமல் வைத்திருப்பது தண்டனைக்குரியது.

குழந்தைகள் நலக் குழு பெற்றோரைத் தேடிக் கண்டறிய முயலும். அம்முயற்சி பலனளிக்காதபோது மட்டுமே குழந்தை சட்டப்படி தத்துக்கு உரியது என அறிவிக்கப்படும். இதற்கு, இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு இரண்டு மாதமும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு நான்கு மாதமும் வரம்பாகும்.

வளர்க்க இயலாத நிலையிலுள்ள பெற்றோர், திருமணமாகாத தாய் உட்பட, குழுவின் முன் குழந்தையை ஒப்படைக்கலாம். ஒப்படைத்தவர் மனம் மாறித் திரும்பப் பெறுவதற்கு இரண்டு மாத கால அவகாசம் உண்டு. ஒப்படைத்தவரின் அடையாளம் மறைவாகக் காக்கப்படும். தமிழ்நாட்டில் பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992 இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கப்பட்டுப் பின்னர் பிற மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் இதனுடன் தொடர்புடையது. அத்திட்டத்தில் பெறப்படும் குழந்தைகளும் குழந்தைகள் நலக் குழுவின் வழியாகவே தத்துக்கு உரியவர்களாகின்றனர்.

தத்தெடுப்பவருக்கான தகுதிகள்

2022 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி:

- உடல், மனம், பொருளாதாரம் ஆகியவற்றில் குழந்தையை வளர்க்கத் தகுதி உடையவராகவும், உயிருக்கு ஆபத்தான நோய் இல்லாதவராகவும், குற்றத் தண்டனை பெறாதவராகவும் இருத்தல் வேண்டும்.
- மணமானவர், மணமாகாதவர், மணமுறிவு பெற்றவர், துணையை இழந்தவர் எவரும் விண்ணப்பிக்கலாம். தம்பதியராயின் இருவரின் இசைவும், குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்வும் தேவை.
- தனித்து வாழும் பெண் எந்தப் பாலினக் குழந்தையையும் தத்தெடுக்கலாம். தனித்து வாழும் ஆண், பெண் குழந்தையைத் தத்தெடுக்க இயலாது.
- சொந்தக் குழந்தை இருப்பது தடையன்று. ஆனால் இரண்டோ அதற்கு மேலோ குழந்தைகள் உள்ள தம்பதியருக்குச் சிறப்புத் தேவை உடைய குழந்தைகளும், குடும்பம் கிடைப்பது அரிதாக உள்ள குழந்தைகளும் மட்டுமே கருதப்படுவர்.
- பெற்றோர் ஒவ்வொருவருக்கும் குழந்தைக்கும் இடையே குறைந்தது 25 ஆண்டு வயது இடைவெளி வேண்டும்.

பதிவு செய்யும் நாளில் உள்ள வயதைக் கொண்டு கணக்கிடப்படும் மேல் வரம்புகள்:

- இரண்டு வயது வரையுள்ள குழந்தை: தம்பதியரின் வயதுக் கூட்டுத்தொகை 85, தனியர் 40
- இரண்டுக்கு மேல் நான்கு வரை: 90, 45
- நான்குக்கு மேல் எட்டு வரை: 100, 50
- எட்டுக்கு மேல் 18 வரை: 110, 55

எடுத்துக்காட்டாக, கணவருக்கு 46 வயதும் மனைவிக்கு 42 வயதும் ஆயின் கூட்டுத்தொகை 88 ஆகும். இவர்கள் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கே தகுதி பெறுவர். உறவினர் தத்தெடுப்புக்கும், வாழ்க்கைத்துணையின் குழந்தையைத் தத்தெடுப்பதற்கும் வயது, குழந்தைகள் எண்ணிக்கை ஆகிய வரம்புகள் பொருந்தா.

நடைமுறை

1. காராவின் 'கேரிங்ஸ்' இணையத்தளத்தில் குடும்பமே நேரடியாகப் பதிவு செய்து ஆவணங்களைப் பதிவேற்ற வேண்டும். இடைத்தரகர் தேவையில்லை.
2. சிறப்பு தத்துவள மையத்தின் அல்லது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஆய்வு செய்து அறிக்கை அளிப்பார். வீட்டின் வசதியைவிட, குடும்பத்தார் மனதளவில் ஆயத்தமாக உள்ளனரா என்பதே இதில் முதன்மையாகக் கருதப்படுகிறது.
3. பதிவு மூப்பின்படி, முறை வரும்போது குழந்தையின் நிழற்படமும் மருத்துவ அறிக்கையும் இணையத்தளத்தில் காட்டப்படும். விரும்பினால் 48 மணி நேரத்துக்குள் குழந்தையை ஒதுக்கி வைக்க வேண்டும். இவ்வாறு மூன்று முறை வரை வாய்ப்பு அளிக்கப்படும்.
4. குடும்பம் மையத்துக்குச் சென்று குழந்தையை நேரில் பார்த்து, தாம் நம்பும் மருத்துவரிடம் ஆலோசனை பெற்று இசைவு தெரிவிக்கலாம்.
5. ஆணை வரும்வரை, குழந்தை தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பில் அக்குடும்பத்திடம் ஒப்படைக்கப்படும்.
6. மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பம் செய்யப்படும். குழந்தையின் நலன், வயதுக்கேற்ப அதன் விருப்பம், விதிக்கப்பட்ட கட்டணம் தவிர வேறு பணம் கைமாறவில்லை என்பது ஆகியவற்றை உறுதி செய்து, இரண்டு மாதங்களுக்குள் அவர் ஆணை பிறப்பிக்க வேண்டும். விசாரணை பொது அவையில் நடைபெறாது.
7. ஆணையைக் கொண்டு, தத்தெடுத்தவர்களைப் பெற்றோராகக் குறிப்பிடும் பிறப்புச் சான்றிதழ் பெறலாம்.
8. இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் குழந்தையின் நிலையை அறிந்து அறிக்கை அளிப்பார்.

வெளிநாடுவாழ் இந்தியர் தாம் வாழும் நாட்டின் மைய அதிகார அமைப்பு அல்லது அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டுத் தத்தெடுப்பு முகமை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். குழந்தை ஒதுக்கீட்டில் அவர்கள் உள்நாட்டுக் குடும்பங்களுக்கு இணையாகவே கருதப்படுகின்றனர். வெளிநாட்டுக்குக் குழந்தையை அழைத்துச் செல்லக் காராவின் தடையின்மைச் சான்று இன்றியமையாதது.

தத்தெடுப்பின் சட்ட விளைவுகள்

இரு சட்டங்களிலும் விளைவு ஏறத்தாழ ஒன்றே. தத்தெடுப்பு நடைமுறைக்கு வரும் நாள் முதல் குழந்தை தத்தெடுத்தவரின் குழந்தையாகவே எல்லாவற்றுக்கும் கருதப்படும். பிறந்த குடும்பத்துடனான சட்ட உறவு நீங்கும். தத்தெடுத்த பெற்றோர் உயில் எழுதாமல் இறந்தால், அவர்கள் பெற்றெடுத்த குழந்தைக்கு உள்ள பங்கு இக்குழந்தைக்கும் உண்டு. தத்துக்கு முன்பே குழந்தைக்கு உரிமையாகிவிட்ட சொத்து குழந்தையிடமே நிலைத்திருக்கும். 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிறந்த குடும்பத்தில் திருமணம் செய்யக்கூடாத உறவுமுறைகள் தத்துக்குப் பின்னும் மாறா.

சட்டப் புறம்பான தத்தெடுப்பு

தத்தெடுக்கக் காத்திருக்கும் பதிவு பெற்ற குடும்பங்களின் எண்ணிக்கை, தத்துக்கு உரியனவாக அறிவிக்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கையைவிடப் பன்மடங்கு மிகுதியாகும். ஆகவே கைக்குழந்தைக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரிடுகிறது. குழந்தை விற்பனை செய்வோர் இக்காத்திருப்பையே பயன்படுத்துகின்றனர். 2019 ஏப்பிரலில் நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தில் வெளிவந்த குழந்தை விற்பனை வழக்கு தமிழ்நாட்டில் பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. கோவிட் பெருந்தொற்றின்போது, பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தத்தெடுக்க வருமாறு சமூக ஊடகங்களில் அழைப்புகள் பரவின. அதனைத் தொடர்ந்து, சட்டப் புறம்பான தத்தெடுப்பில் ஈடுபடுவோர் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2021 சூனில் உச்ச நீதிமன்றம் மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது.

மூவகைக் குழந்தைகளைச் சட்ட நடைமுறைக்குப் புறம்பாகத் தத்து கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் மூன்று ஆண்டு வரை சிறை, ஓர் இலட்சம் உரூபாய் தண்டம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் தண்டமும் உண்டு. குழந்தையைத் தம் பொறுப்பில் கொண்டிருந்த மருத்துவமனைப் பணியாளர் போன்றோர் இதனைச் செய்தால், தண்டனை குறைந்தது மூன்று ஆண்டு, கூடியது ஏழு ஆண்டாகும்.

தண்டனையைவிடப் பெரிய இழப்பு குழந்தைக்கே நேர்கிறது. பணம் கொடுத்துப் பெற்று, போலிப் பிறப்புச் சான்றிதழுடன் வளர்க்கப்படும் குழந்தை பின்னாளில் கண்டறியப்பட்டால், தான் அறிந்த ஒரே வீட்டிலிருந்து அகற்றப்பட்டு இல்லத்தில் சேர்க்கப்படலாம். கண்டறியப்படாவிட்டாலும், சொத்துப் பிரிவினை ஒன்றில் உறவினர் எழுப்பும் கேள்விக்கு அக்குழந்தையிடம் காட்ட ஓர் ஆணையும் இருக்காது.

பரவலான தவறான கருத்துகள்

- முத்திரைத் தாளில் எழுதிச் சான்றுறுதி அலுவலரிடம் கையொப்பம் பெற்றால் தத்தெடுப்பு ஆகிவிடும் என்பது தவறு. கொடுப்பதற்கு உரிமை உள்ளவர் கொடுக்காத குழந்தையை எந்தப் பத்திரமும் தத்துக் குழந்தை ஆக்காது.
- குழந்தைகள் இல்லத்துக்குச் சென்று குழந்தையைப் பார்த்துத் தெரிவு செய்யலாம் என்பது தவறு. ஒதுக்கீடு இணையத்தள வரிசைப்படியே நடைபெறும்.
- குழந்தைப்பேறு இல்லை என்ற மருத்துவச் சான்று தேவை என்பது தவறு. அத்தகைய நிபந்தனை எச்சட்டத்திலும் இல்லை.
- குழந்தையைக் கைவிட்டதற்காகத் தாய் கட்டாயம் தண்டிக்கப்படுவார் என்பது தவறு. தம்மால் தடுக்க இயலாத சூழ்நிலையால் கைவிட்ட பெற்றோரை, வேண்டுமென்றே செய்தவராகச் சட்டம் கருதுவதில்லை. இவ்வச்சத்தால் முட்புதரில் விடப்படும் குழந்தையை, முறைப்படி ஒப்படைத்தால் காப்பாற்றலாம்.
- தத்துக் குழந்தையிடம் உண்மையை என்றும் மறைத்துவிடலாம் என்பதும் தவறு. தன் பிறப்பின் மூலத்தைத் தேடும் உரிமையை ஒழுங்குமுறைகள் குழந்தைக்கு அளிக்கின்றன. 18 வயது நிறைந்தவர் தாமே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். ஒப்படைத்த பெற்றோரின் விவரம் அவர்கள் இசைவின்றி வெளியிடப்படமாட்டாது.

விமர்சனங்கள்

காத்திருப்புக் காலம் மிக நீண்டது என்பதே நடைமுறை மீது பரவலாக வைக்கப்படும் குறையாகும். இல்லங்களில் வாழும் குழந்தைகளுள் ஒரு சிறு பகுதியினரே தத்துக்கு உரியவர்களாக அறிவிக்கப்படுகின்றனர் என்றும், வயது கூடிய குழந்தைகளும் உடற்குறைபாடுள்ள குழந்தைகளும் எளிதில் குடும்பம் பெறுவதில்லை என்றும் சுட்டிக்காட்டப்படுகிறது. உரிமைகளைத் தீர்மானிக்கும் ஆணையை நீதிபதிக்குப் பதிலாக நிர்வாக அலுவலர் பிறப்பிப்பது சரியா என்ற விவாதமும் உள்ளது. விரைவு கருதியே இம்மாற்றம் செய்யப்பட்டதாக அரசுத் தரப்பில் கூறப்பட்டது. 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தில் குடும்ப ஆய்வோ பின்தொடர் கண்காணிப்போ இல்லாதது, இரு சட்டங்களுக்கும் இடையிலான பெரிய இடைவெளியாகக் கருதப்படுகிறது.

பழைய சட்டம் மகன் இல்லாத குடும்பத்துக்கு மகனைத் தேடியது. இன்றைய சட்டம் குடும்பம் இல்லாத குழந்தைக்குக் குடும்பத்தைத் தேடுகிறது. ஆய்வு, அவகாசம், காத்திருப்பு எனக் குடும்பங்களுக்குச் சுமையாகத் தோன்றும் படிகளுள் பெரும்பாலானவை இந்த மாற்றத்திலிருந்து தோன்றியவையே. தத்தெடுக்க எண்ணுவோர் தம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் கீழ் இயங்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகி வழிகாட்டுதல் பெறலாம்.